தடையிடும்போது அதிரும் மோட்டார் வண்டி

கேரள மாநிலத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த கோட்டுகால், அரபிக்கடலின் உப்புக்காற்று ஓயாது வீசும் ஊர்களுள் ஒன்று. தென்னையும் வாழையும் செறிந்த இப்பகுதியில், வளைகுடா நாடுகளுக்குச் சென்று பொருளீட்டும் குடும்பத்தினர் பலர். அவர்கள் விடுமுறைக்கு வரும்போது ஓட்டுவதற்கென வாங்கிய கார், ஆண்டின் பெரும்பகுதி வீட்டை ஒட்டிய கொட்டகையில் அசையாமல் நிற்கிறது. ஜூன் மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், அதன்பின் வரும் வடகிழக்குப் பருவமழையும் அதன்மீது ஈரத்தைப் படியவைத்துச் செல்கின்றன. உரிமையாளர் ஊர் திரும்பி வண்டியை வெளியே எடுக்கும்போது சக்கரங்களிலிருந்து கரகரவென்ற ஓசை கேட்கிறது. சிறிது தூரம் ஓடியபின் அது அடங்கிவிடுகிறது. ஆனால் நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் வேகமெடுத்து, எதிரே ஏதோ ஒன்று குறுக்கிட, பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் சக்கரம் கைக்குள் நடுங்குகிறது. மிதியை விட்டால் நடுக்கமும் நின்றுவிடுகிறது.

இந்நோய்க்குப் பட்டறைகளில் பெயர் ஒன்று உண்டு. "டிஸ்க் பெண்ட்" என்பதே அது. 1956 நவம்பரில் வகுக்கப்பட்ட மாநில எல்லை களியக்காவிளையில் மலையாளத்தையும் தமிழையும் ஆட்சிமொழி வகையில் பிரித்துவிட்டபோதிலும், இச்சொல் எல்லையின் இருபுறமும் ஒன்றாகவே வழங்குகிறது. தட்டு வளைந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் மருந்தும் தானே தீர்மானமாகிவிடுகிறது: தட்டைக் கழற்றி லேத்தில் போட்டுக் கடைய வேண்டும், அல்லது புதிய தட்டு வாங்கிப் பூட்ட வேண்டும். அவ்வாறே செய்யப்படுகிறது. வண்டி சில மாதங்கள் சீராக நிற்கிறது. பிறகு அதே நடுக்கம் மீண்டும் தலைகாட்டுகிறது. இரண்டாம் முறை கடைந்த தட்டு அனுமதிக்கப்பட்ட கனத்திற்கும் கீழே மெலிந்துவிட, புதிய தட்டு வாங்கப்படுகிறது. அதுவும் அடுத்த ஆண்டு நடுங்குகிறது. பொருள் மட்டமானது என்று கடைக்காரரும், ஓட்டுபவர் முரடர் என்று பட்டறைக்காரரும் கருதிக்கொள்கின்றனர்.

இங்கே வழக்கிலுள்ள பெயரே சிகிச்சையைத் தவறான வழியில் இழுத்துச் செல்கிறது எனல் வேண்டும். சாம்பல்நிற வார்ப்பிரும்பினால் ஆன கனத்த தட்டு, சாதாரணச் சாலை ஓட்டத்தில் தகரம்போல் வளைந்து கோணிக்கொள்வது மிக அரிது. அமெரிக்கப் பந்தய வண்டிப் பொறியாளரும், 1960களில் ஃபோர்டு ஜிடி 40 வண்டிகளோடு பணியாற்றியவருமான காரல் ஸ்மித், வளைந்த தட்டு என்று தம்மிடம் கொண்டுவரப்பட்டவற்றில் உண்மைக் காரணம் வேறொன்றாகவே இருந்தது என்று வாதிட்டவர். பட்டறை அனுபவம் மிக்கவர்களுக்கும் அவர் கூற்று முதலில் கசந்தது. ஆயினும் அளவுக்கருவியை வைத்துப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அவர் பக்கமே சேர்ந்தனர்.

தட்டு வளையவில்லை எனில் நடுங்குவது எது? தட்டின் கனம் சுற்று முழுவதும் ஒரே சீராக இல்லாமையே காரணம். தட்டைக் காலிப்பர் என்னும் கவ்வி, இருபுறமும் உள்ள பேட்களால் இறுக்கிப் பிடிக்கிறது. தட்டு சற்றே தடித்த இடம் பேட்களுக்கிடையே வரும்போது அவை விலக்கப்படுகின்றன, குழாயிலுள்ள எண்ணெயின் அழுத்தம் உயர்கிறது, தடைவிசை கூடுகிறது. மெலிந்த இடம் வரும்போது குறைகிறது. வேறுபாடு கண்ணுக்குப் புலப்படும் அளவினதன்று. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே போதும், ஓட்டுபவரின் கை அதை உணர்ந்துவிடும். மனிதத் தலைமயிரின் கனம் இதைவிடப் பெரிது.

சிறிய கார் ஒன்றின் சக்கரச் சுற்றளவை 1.9 மீட்டர் எனக் கொண்டால், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அச்சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய 12 முறை சுழல்கிறது, 40 கி.மீ. வேகத்தில் 6 முறை. தட்டில் தடித்த இடம் ஒன்றே இருப்பின் உதைப்பும் விநாடிக்கு அத்தனை முறை நிகழும்; இரண்டு இருப்பின் இருமடங்கு. முன்சக்கரத் தாங்கமைப்புக்கும் ஸ்டியரிங் இணைப்புகளுக்கும், விநாடிக்குப் பத்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட இயல்பான அதிர்வெண்கள் உண்டு. இரண்டும் ஒத்துப்போகும் வேகத்தில்தான் ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளியதுபோல் நடுக்கம் பெருகுகிறது. ஊருக்குள் மெல்ல ஓடும்போது ஒன்றும் தெரியாத வண்டி, நெடுஞ்சாலையில் மட்டும் ஏன் நடுங்குகிறது என்ற ஐயத்திற்கு இதுவே விடை. பட்டறையின் வாசலிலேயே ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்து, "ஒன்றும் இல்லையே" என்று திருப்பியனுப்பும் வழக்கம் எத்துணைப் பயனற்றது என்பதும் இதனால் விளங்கும்.

கனவேறுபாடு எவ்வாறு தோன்றுகிறது என்பதே ஆராயத் தக்கது. அதற்கு வழிகள் பல. கோட்டுகால் போன்ற கடலோர ஊர்களில் இரண்டு வழிகள் குறிப்பாகக் கவனிக்கற்பாலன.

முதலாவது, நின்ற வண்டியின் துரு. மழைக்காலத்தில் வார்ப்பிரும்புத் தட்டின் மேற்பரப்பு முழுவதும் செந்துரு ஏறுகிறது. பேட் அழுந்தியிருக்கும் இடமோ வேறு வகையில் பாதிக்கப்படுகிறது: அங்கே ஈரம் சிக்கிக்கொண்டு உலராமல் நிற்கிறது, உப்பும் சேர்கிறது, பேட்டின் உருவம் அப்படியே தட்டின்மீது முத்திரை குத்தியதுபோல் பதிந்துவிடுகிறது. வண்டியை ஓட்டத் தொடங்கியதும் மற்ற இடத்துத் துரு சுரண்டப்பட்டு மறைய, இம்முத்திரை மட்டும் எஞ்சுகிறது. ஊர் திரும்பியவர் முதல்நாள் கேட்ட கரகரப்பு அடங்கியதும் நிம்மதி கொள்வது இயல்பே. எஞ்சிய தழும்பு சிறிதாயின் சில நூறு கிலோமீட்டரில் தானே தேய்ந்து மறையும். ஆழ்ந்திருப்பின் மறையாது.

இரண்டாவது வழி இதைவிடச் சூழ்ச்சியானது. பட்டறைகளின் கண்ணுக்குத் தப்புவதும் இதுவே. தட்டு ஹப்பின் முகத்தின்மேல் அமர்ந்து, சக்கர நட்டுகளின் இறுக்கத்தால் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஹப்பின் முகத்தில் ஒரு துருச் செதிள் 0.05 மில்லிமீட்டர் கனத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதாகக் கொள்வோமாயின், 14 சென்டிமீட்டர் விட்டமுள்ள அம்முகத்தில் தட்டு அந்த அளவு சாய்ந்து அமர்கிறது. 24 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டின் விளிம்பில் அச்சாய்வு 0.08 மில்லிமீட்டருக்கும் மேலான பக்க அலைவாக விரிகிறது. புத்தம்புதிய தட்டேயாயினும், கடைந்து கண்ணாடிபோல் மினுக்கிய தட்டேயாயினும், அது சாய்ந்தே சுழலும். நட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வட்டமாக இறுக்கினாலும், காற்றுத் துப்பாக்கியால் கணக்கின்றி முறுக்கினாலும் இத்தகைய அலைவு நேர்வதுண்டு.

அலைவு மட்டுமே உடனடியாக நடுக்கம் தருவதில்லை. இதுவே இவ்விஷயத்தின் மையம். காலிப்பர் சிறிது இடம் பெயரக் கூடியது. சாயும் தட்டோடு தானும் அசைந்துகொடுக்கும். எனவே வேலை முடிந்த அன்று வண்டி அருமையாக நிற்கும். உரிமையாளரும் மகிழ்ந்து பணம் கொடுப்பார். ஆனால் பேட்கள் மிதியை விட்டபின்னும் தட்டிலிருந்து மிகச் சிறிதளவே விலகி நிற்பவை. சாய்ந்து சுழலும் தட்டின் ஒரு பக்கம், பிரேக் போடாத வேளையிலும், ஒவ்வொரு சுற்றிலும் பேட்டைத் தொட்டுச் செல்கிறது. 5,000 கிலோமீட்டர் ஓடுவதற்குள் இத்தொடுகை ஏறக்குறைய 26 லட்சம் முறை நிகழ்ந்துவிடும். அங்கே தட்டு மெலிகிறது. அல்லது பேட்டின் பொருள் அங்கே அப்பிக்கொள்கிறது. கனவேறுபாடு இவ்வாறு மாதக்கணக்கில் வளர்ந்து, பின்னரே கையை எட்டுகிறது. டயர் மாற்றியது மாசி மாதம், நடுக்கம் தொடங்கியது ஆவணியில். இரண்டையும் தொடர்புபடுத்துவோர் யார்? லேத்தில் கடைவது விளைவை அழிக்கிறது. ஹப்பின் முகத்திலுள்ள துரு அப்படியே இருக்க, அடுத்த நடுக்கத்திற்கான விதை அன்றே ஊன்றப்படுகிறது.

உஷ்ணத்தின் பங்கையும் சிறிது கூறவேண்டும். 1,200 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறக்குறைய 3 லட்சம் ஜூல் சக்தி வெப்பமாக மாறுகிறது. ஒரு லிட்டர் குளத்து நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். முன்தட்டு ஒன்று 5 கிலோகிராம் எடையுள்ளதாகவும், வெப்பத்தில் மூன்றிலொரு பங்கு அதனைச் சேர்வதாகவும் கொண்டால், ஒருமுறை நிற்பதற்கே அதன் உஷ்ணநிலை 40 டிகிரி செல்சியசுக்கு மேல் உயரும். சமவெளியில் இது பெரிதன்று. திருவனந்தபுரம் மாவட்டத்தார் விடுமுறை நாள்களில் விரும்பிச் செல்லும் பொன்முடியிலிருந்து கல்லாறு நோக்கி 22 கொண்டையூசி வளைவுகளில் இறங்குவதோ வேறு கணக்கு. 1,000 மீட்டர் உயரம் இறங்கும் அதே கார் இழக்கும் நிலைச்சக்தி, மேற்கூறிய நிறுத்தத்தைப்போல் நாற்பது மடங்கு. கீழ்க் கியரில் இறங்கினால் இதில் பெரும்பங்கை எஞ்சின் ஏற்கும். அவ்வாறன்றி மிதியை ஓயாமல் அழுத்திக்கொண்டே இறங்கி, அடிவாரத்துத் தேநீர்க்கடையின் முன் மிதியை இறுக்கியவாறே வண்டியை நிறுத்தி வைத்தால், கொதிக்கும் பேட்டின் பொருள் தட்டில் அச்சடித்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். அவ்விடம் அடுத்தடுத்து மிகையாகச் சூடேற, வார்ப்பிரும்பின் அமைப்பே மாறிக் கடினமான திட்டுக்களும் உண்டாகும். அத்திட்டுக்களைக் கடைந்தும் முற்றிலும் போக்க இயலாது.

டிரம் பிரேக் பூண்ட பின்சக்கரங்களில் கதை சற்று வேறு. அங்கே டிரம் வட்டம் தவறி நீள்வட்டமாவதே நோய். சூடேறிய டிரம்மைக் கைப்பிரேக்கால் இறுக்கி நிறுத்திவைப்பது அதற்கு ஒரு காரணம். அம்பாசடர் வண்டியின் தொடக்க கால மாதிரிகள் நான்கு சக்கரங்களிலும் டிரம்மே உடையவை. அக்காலத்து மெக்கானிக்குகள் டிரம்மைக் கடைவதில் தேர்ந்தவர்களாயிருந்தனர். அக்கைப்பழக்கமே ஆராயாமல் டிஸ்க் தட்டுக்கும் மாற்றப்பட்டதோ என்று ஐயுற இடமுண்டு.

ஆகவே, நடுங்கும் வண்டி பட்டறைக்கு வந்ததும் கழற்றத் தொடங்குவது முறையன்று. கேட்கவும் ஓட்டவும் வேண்டும். முதலில் சக்கர நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுதல் நலம். அது சில நிமிட வேலை, உயிர்காக்கும் வேலையும்கூட. மிதியைத் தொடாதபோதும் குறிப்பிட்ட வேகத்தில் அதிருமானால் குற்றம் பெரும்பாலும் டயரின் சமநிலையிலோ வளைந்த விளிம்பிலோ இருக்கும். மிதிக்கும்போது மட்டும் அதிர்ந்து, அது ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன்சக்கரங்களையும், இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரங்களையும் ஐயுறலாம். பின்புறம் டிரம் உள்ள வண்டியில், ஆள் நடமாட்டமற்ற நேரான சாலையில், மிதமான வேகத்தில், கைப்பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மிக மெல்ல இழுத்துப் பார்ப்பது இவ்வையத்தைத் தீர்க்கும். மழையில் திடீரென அழுத்தி மிதிக்கும்போது மட்டும் மிதி படபடவென உதைப்பது நோயே அன்று. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்பனையாகும் புதுக் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட பூட்டுத்தடுப்பு அமைப்பு தன் கடமையைச் செய்வதன் அறிகுறி அது. அதற்கு அஞ்சிக் காலை எடுத்துவிடுவதுதான் ஆபத்து.

இதன்பின் அளவை. சக்கரத்தைக் கழற்றி, நட்டுகளைக் கொண்டே தட்டை ஹப்பில் இறுக்கி, காந்த அடியில் பொருத்திய டயல் கேஜின் முனையைத் தட்டின் விளிம்புக்குச் சற்று உள்ளே தொடுமாறு வைத்து, ஒரு சுற்றுச் சுற்றினால் பக்க அலைவு எண்ணாகத் தெரிந்துவிடும். பல கார்களுக்கு அது 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கப்படுகிறது. சரியான எல்லை அவ்வண்டியின் கையேட்டில் காணப்படும். பிறகு மைக்ரோமீட்டரால் தட்டின் கனத்தைச் சுற்றிலும் எட்டு இடங்களில் அளக்க வேண்டும். குறைந்தபட்சக் கனம் தட்டிலேயே பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். இவ்வளவுக்கும் அரைமணி நேரம் மிகுதி.

அளந்தபின் வேலை எளிதாகிறது. கனம் சீராக இருந்து அலைவு மட்டும் மிகுந்தால், ஹப்பின் முகத்தையும் தட்டின் உட்புறத்தையும் கம்பித் தூரிகையால் பளபளக்கும் வரை தேய்த்து, தட்டை ஒரு நட்டுத்துளை தள்ளிப் பூட்டி மீண்டும் அளந்தால் பெரும்பாலும் எல்லைக்குள் வந்துவிடும். செலவு, உழைப்பு மட்டுமே. கனவேறுபாடு இருந்தால் கடைசல் வேண்டும். அப்போதும் ஹப்பைத் துப்புரவாக்கிய பின்னரே. வண்டியிலிருந்து கழற்றாமல் ஹப்பின்மீதே வைத்துக் கடையும் சாதனம் கிடைப்பின் அதுவே சிறப்பு. ஏனெனில் லேத்தில் தட்டைப் பிடிப்பதில் நேரும் பிசகும் அலைவாகவே திரும்பி வரும். கடைந்தபின் குறைந்தபட்சக் கனம் எஞ்சாதெனில், ஓர் அச்சின் இரு தட்டுகளையும் பேட்களோடு சேர்த்து மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. காலிப்பர் ஊசிகள் துருவேறி இறுகியிருக்கின்றனவா என்பதையும் பார்க்கவேண்டும். கடலோரத்தில் அவை அடிக்கடி இறுகுகின்றன. பிரேக் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடலாகாது. பேட்களில் நெடுங்காலம் கல்நார் கலக்கப்பட்டது. அதன் நுண்ணிழை நுரையீரலுக்குக் கேடு என்பது ஐயத்திற்கு இடமற்றது. ஈரத்துணியால் துடைப்பதே தக்கது.

நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, முறுக்குவிசை காட்டும் சாவியால் இறுக்க வேண்டும். பெரும்பாலான சிறு கார்களுக்கு அது 80 முதல் 120 நியூட்டன்-மீட்டர் வரை. இறுதியில் புதிய பேட்களைப் பழக்குதல் என்றொரு பணி உண்டு: போக்குவரத்து இல்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 கி.மீ. வரை, முழுவதும் நிறுத்தாமல், பத்து முறை போல வேகம் குறைத்து, பின் சில கிலோமீட்டர் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். இதனால் தட்டின்மீது பேட்டின் மெல்லிய படலம் சீராகப் படிகிறது. இதைச் செய்யாமல் வண்டியை ஒப்படைக்கும் பட்டறைகளே மிகுதி.

நடுக்கம் ஒரு தொல்லையே அன்றி அபாயமன்று என்று கருதுவோர் உளர். பிரேக் பிடிக்கத்தானே செய்கிறது என்பது அவர்கள் வாதம். ஆனால் கைக்குள் சக்கரம் துள்ளும்போது மனிதன் தன்னையறியாமல் மிதியைத் தளர்த்துகிறான். 80 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு விநாடி 7 மீட்டர் வீதம் வேகம் குறையுமாறு மிதித்தால் கார் 35 மீட்டரில் நிற்கும். தளர்ந்து 4 மீட்டர் வீதமே குறைந்தால் 62 மீட்டர் வேண்டும். இடையிலுள்ள 27 மீட்டரில் ஒரு பள்ளிப்பிள்ளை சாலையைக் கடந்துகொண்டிருக்கலாம். 2024-இல் முதற் பெருங்கப்பலை வரவேற்று 2025 மே மாதத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகம் கோட்டுகாலுக்கு அண்மையில் இருக்கிறது. சரக்குப் போக்குவரத்து பெருகும் சாலைகளில் இத்தூரத்தின் மதிப்பு இன்னும் உயரும்.

பட்டறைக்காரரை மட்டும் குறைகூறுதல் நியாயமன்று. அளப்பதற்குக் கூலி கொடுக்க உரிமையாளர் இசைவதில்லை; புதிய தட்டின் பெட்டியைக் கண்ணால் கண்டால் மறுபேச்சின்றிப் பணம் தருகிறார். பயிற்சியிலும் குறை சொல்ல இயலாது. 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் மோட்டார் வண்டி மெக்கானிக் பாடத்தில் டயல் கேஜும் மைக்ரோமீட்டரும் இடம்பெற்றுள்ளன. பாறசாலைக்கு அருகே தனுவச்சபுரத்திலேயே அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே கையாளக் கற்ற கருவி, சான்றிதழ் பெற்று வெளிவந்த இளைஞன் வேலைக்குச் சேரும் பட்டறையில் இருப்பதில்லை. காந்த அடியோடு கூடிய ஒரு டயல் கேஜின் விலை பெரும்பாலும் ஒரு ஜோடித் தட்டின் விலையை மிஞ்சாது. சிறு பட்டறைகள் நான்கைந்து சேர்ந்து ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொண்டாலும் போதும்.

உரிமையாளர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பிரேக் வேலைக்கான ரசீதில் நான்கு எண்களை எழுதித் தருமாறு கேட்கலாம்: வேலைக்கு முன் இருந்த அலைவு, பின் இருந்த அலைவு, தட்டின் எஞ்சிய கனம், நட்டுகளை இறுக்கிய முறுக்குவிசை. எண் எழுத வேண்டுமானால் அளந்தாக வேண்டும். மாதக்கணக்கில் வெளிநாடு செல்வோர், சமதளத்தில் வண்டியைக் கியரிலிட்டு, சக்கரங்களுக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்து, கைப்பிரேக்கை விடுவித்துச் செல்லட்டும். ஓட்டத் தெரிந்த உறவினர் ஒருவர் வாரம் ஒருமுறை அதைச் சாலையில் சில கிலோமீட்டர் ஓட்டிப் பிரேக்கைச் சிலமுறை மிதித்து, ஈரம் உலர்ந்தபின் கொட்டகையில் விடட்டும். வண்டியைக் கழுவிய கையோடு அப்படியே பூட்டி வைப்பதைக் காட்டிலும் கழுவாமல் விடுவதே தட்டுக்கு நல்லது.